அகநோக்கும் திருக்குளப் பணியும்

திருச்சிற்றம்பலம்



திருவிழா நாட்களில் இறைவன் தேரேறி வீதிக்கு எழுந்தருளுகின்றான். தெப்பமேறித் திருக்குளத்தில் உலா வருகின்றான். தேருக்கு வீதி வேண்டும். தெப்பத்திற்கு நீர் வேண்டும். வீதி அகன்று தூய்மையாய் இருத்தல் வேண்டும். குளம் ஆழ்ந்து நிறைந்திருத்தல் வேண்டும். ஆகவே, நம் முன்னோர் வகுத்த விழாமுறையே ஊரைப் பேணும் கடமையைத் தன்னகத்தே கொண்டிருக்கின்றது.

எனினும், ஓர் ஐயம் நம்மிடையே நெடுங்காலமாக உலவி வருகின்றது. கண்களை மூடி ஐந்தெழுத்தை எண்ணியிருப்பவரால் ஊருக்கு விளையும் பயன் யாது? குளம் தூர்ந்தது, ஆறு கழிவுநீர் ஓடையாயிற்று, ஏழை பசித்திருக்கின்றான். இந்நிலையில் தியானமும் செபமும் கடமையினின்று நழுவுதற்கு ஒரு வழியாகாவோ என இளைஞர் வினவுகின்றனர். மற்றொரு சாரார், மனத்தை ஒடுக்கி இருத்தலே மேலான நெறி என்றும், மண்வெட்டி எடுப்பது பக்குவமில்லார் தொழில் என்றும் கருதுகின்றனர். இவ்விரு கூற்றும் பொருந்தா என்பதைச் சைவத்தின் வரலாறே நமக்குக் காட்டும். அகநோக்கு முதிர்ந்தவரிடத்திலேதான் புறத்தொண்டு தளராது நிலைத்தது. தொண்டிலே தோய்ந்தவரிடத்திலேதான் அகநோக்கு பொய்யாகாது நின்றது. இதனை இன்று சிறிது சிந்திப்போம்.

ஆரூரில் ஓர் அகக்கண்ணர்

திருவாரூரின் பெருமைகள் பல. அவற்றுள் இரண்டினை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஒன்று, தியாகேசப் பெருமானின் அசபா நடனம். திருமால் தம் மார்பிலே சோமாஸ்கந்த மூர்த்தியை வைத்துப் பூசித்த காலத்து, அவர்தம் மூச்சு ஏறி இறங்குந்தோறும் பெருமானும் அசைந்தாடினான் என்பது தலவரலாறு. அசபை என்பது வாயினாற் சொல்லாது மூச்சோடு மூச்சாய் நிகழும் மந்திரம். தியானத்தின் உயர்நிலை எதுவோ, அதுவே அவ்வூர்ப் பெருமானின் ஆடலாய் விளங்குகின்றது.

மற்றொன்று, கோயிலின் மேற்றிசையில் விளங்கும் கமலாலயத் திருக்குளம். கோயிலும் ஐந்து வேலி, குளமும் ஐந்து வேலி என்று ஊரார் வழிவழியாகக் கூறுவர். ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேற்பட்டது. கோயிலுக்கு ஈடாகக் குளத்திற்கும் இடம் ஒதுக்கிய மக்கள், நீரையும் இறைவன் திருமேனியாகவே கருதினர் என்பதில் ஐயமில்லை. நிலம், நீர், தீ, வளி, வெளி, ஞாயிறு, திங்கள், உயிர் என்னும் எட்டும் சிவபெருமானின் வடிவங்கள் என்பது சைவர் கொள்கையன்றோ!

மூச்சில் ஆடும் பெருமானும் நீர் நிறைந்த திருக்குளமும் ஒருங்கே விளங்கும் இவ்வூரில் தோன்றியவர் தண்டியடிகள். சுந்தரமூர்த்தி நாயனார் தம் திருத்தொண்டத்தொகையில் இவரைப் போற்றினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் இவர் வரலாற்றை விரித்துரைத்தார். இவர் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். புறக்கண் இல்லையாயினும் அகக்கண்ணால் இறைவன் திருவடியைக் கண்டு, ஐந்தெழுத்தை இடையறாது ஓதி, தேவாசிரிய மண்டபத்தின் முன் வணங்கி வலம் வருவதைக் கடனாகக் கொண்டிருந்தார்.

அந்நாளில் திருக்குளம் தூர்ந்து இடங்குறைந்து போயிற்று. கண்ணுள்ளோர் பலர் அதனை நாள்தோறும் கண்டனர். கண்டும் வாளா இருந்தனர். கண்ணில்லாத ஒருவர் அதனை உணர்ந்தார். உணர்ந்து, 'இதனைத் தோண்டுதல் எம் பணி' எனத் துணிந்தார். எங்ஙனம் தோண்டுவது? குளத்தினுள் ஒரு கழியை நட்டார். கரைமேல் மற்றொரு கழியை நட்டார். இரண்டற்கும் இடையே கயிறு கட்டினார். உள்ளே இறங்கி மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்துக் கயிற்றைத் தடவிக்கொண்டே கரையேறிக் கொட்டினார். மீண்டும் கயிற்றைத் தடவியே இறங்கினார். வாய் ஐந்தெழுத்தை ஓத, கை மண்ணை வெட்டிற்று.

இக்காட்சியை நாம் ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். ஐந்து வேலிக் குளத்தின் முன் ஒரு கூடை மண் எம்மட்டு? 'நம் ஒருவரால் என்ன ஆகும்' என்று நாம் கைவிடும் பணிகள் யாவும் இத்தகையனவே. எஞ்சியிருக்கும் மண்ணின் அளவு நம்மை மலைக்கச் செய்கின்றது. தண்டியடிகளோ அவ்வளவைக் கண்ணாற் கண்டாரல்லர். அவர் அறிந்தது கையில் உள்ள கூடை, காலடியில் உள்ள படி, பற்றிய கயிறு, நாவில் நிற்கும் நாமம். செபம் செய்வோன் இத்தனை கோடி ஆகவேண்டுமே என்று கலங்குவதில்லை. இப்போது ஓதும் ஓர் உருவிலேயே உள்ளத்தை நிறுத்துகின்றான். அப்பயிற்சியே அடிகளுக்குக் குளப்பணியில் துணையாயிற்று.

எழுந்த தடை

குளத்தின் அருகே சமணர் பள்ளிகள் இருந்தன. அவர்கள் இப்பணியைத் தடுத்தனர். மண்ணை வெட்டினால் சிற்றுயிர்கள் மடியுமே என்றனர். அடிகள் அதற்கு இசையவில்லை. பின்னர் வாதம் முற்றியது. நட்ட கழிகளும் கயிறும் பறிக்கப்பட்டன. மண்வெட்டியும் கூடையும் கவரப்பட்டன. அடிகள் இறைவனிடம் முறையிட்டார். பெருமான் கனவில் உணர்த்த, சோழமன்னன் வந்து இருதிறத்தாரையும் வினவினான். அடிகள் திருக்குளத்தில் மூழ்கிக் கண்ணொளி பெற்று எழுந்தார் என்றும், எதிர்த்தோர் ஊரினின்று அகற்றப்பட்டனர் என்றும், மன்னன் குளப்பணியை நிறைவு செய்தான் என்றும் பெரியபுராணம் கூறும்.

சமயப் பூசல் மிகுந்திருந்த ஒரு காலத்தின் சுவடு இவ்வரலாற்றில் பதிந்துள்ளது. அப்பூசலை இன்று நாம் கொண்டாட வேண்டுவதில்லை. சமணப் பெரியோர் தமிழ்மொழிக்கும் கொல்லாமை அறத்திற்கும் ஆற்றிய தொண்டு பெரிது. அதனை மறுப்பார் நன்றி மறந்தவராவர். மேலும், அவர்கள் எழுப்பிய வினாவை எளிதிற் புறந்தள்ளுதலும் கூடாது. பொதுநலப் பணியென்று தொடங்கிச் சிற்றுயிர்களை எண்ணாது அழிக்கும் போக்கு இன்று எங்கும் காணப்படுகின்றதன்றோ? குளத்தைத் 'தூய்மை' செய்கின்றோம் என்று அடித்தளத்தைச் சிமெண்டால் மூடுகின்றனர். நீர் நிலத்துள் இறங்கும் வழி அடைபடுகின்றது. மீனும் தவளையும் ஆமையும் வாழ இடமின்றி மறைகின்றன.

தூர்ந்த குளத்தை ஆழப்படுத்துதலோ வேறு. வரத்துக்கால் வழியே ஒவ்வொரு மழையிலும் வண்டல் வந்து படியும். அதனை எடுக்காவிடின் ஆழம் குறையும். கோடையில் நீர் வற்றும். நீரை நம்பிய எல்லா உயிர்களும் மடியும். வண்டலை வாரினால் குளம் நீரைத் தேக்கும். சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்றெடுக்கும். வாரிய வண்டலோ வயலுக்கு உரமாகும். ஆகவே, சிற்றுயிரையும் எண்ணிப் பார்க்கும் அருளும், குளத்தைக் காக்கும் துணிவும் ஒருங்கே வேண்டும். இரண்டனையும் சீர்தூக்குதற்குக் கலங்காத உள்ளம் வேண்டும். அவ்வுள்ளத்தைத் தருவது தியானமேயாகும்.

வாசியில்லாக் காசு

தியானமும் பாட்டும் உயர்ந்தனவாக இருக்கக் கைத்தொண்டிற்கு அத்துணைச் சிறப்பு உண்டோ என வினவுவார்க்குத் திருவீழிமிழலை விடை கூறும். ஏழாம் நூற்றாண்டில் திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் அத்தலத்தில் எழுந்தருளியிருந்த காலத்துப் பஞ்சம் வந்தது. அடியார் பசிதீர்க்க இறைவன் இருவர்க்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினான். நாவுக்கரசர் பெற்ற காசு நற்காசு. கடையில் உடனே மாற்றலாயிற்று. அவர் திருமடத்தில் அடியார்க்கு வேளை தவறாது உணவு படைக்கப்பெற்றது. சம்பந்தர் பெற்ற காசிற்கு வட்டம் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கு உணவு தாழ்ந்தது. இதன் காரணத்தை ஆராய்ந்தபோது, பாட்டோடு கைத்தொண்டும் புரிபவர் நாவுக்கரசர் ஆதலின் அவர்க்கு வாசியில்லாக் காசு கிடைத்தது என்று தெளிந்தனர். பின்னர்ச் சம்பந்தர் பதிகம் பாடி நற்காசு பெற்றார். ஞானப்பால் உண்ட பிள்ளையாரின் வரலாற்றிலேயே கைத்தொண்டின் உயர்வை இங்ஙனம் பதித்து வைத்தனர் நம் பெரியோர். அவ்வுயர்வு விளங்கிய இடமும் பஞ்சத்தில் பசித்தவர் பந்தியே என்பதைக் குறித்துக்கொள்க.

நாவுக்கரசர் திருக்கையில் ஏந்தியது உழவாரப் படை. திருக்கோயில் முற்றத்தில் முளைக்கும் புல்லையும் முள்ளையும் செதுக்கும் எளிய கருவி அது. திருப்புகலூரில் அவர் பணி செய்தபோது பொன்னும் நவமணியும் மண்ணிடையே கிடந்து ஒளிர்ந்தன. அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே எண்ணி, உழவாரத்தில் ஏந்தி அருகிருந்த வாவியில் எறிந்தார். இதுவன்றோ தியானத்தின் பயன்! பொதுப்பணிகள் பெரும்பாலும் கெடுவது எங்கே? பொன் தோன்றும் இடத்திலேதான் கெடுகின்றன. நற்பணிக்குப் பொருள் சேர்ந்தவுடன் பூசல் பிறக்கின்றது. பெயர் வந்தவுடன் ஆணவம் தலைதூக்குகின்றது. அகநோக்கு இல்லாத தொண்டு அவ்விடத்தில் முறிந்துபோகும். அகநோக்குடைய தொண்டோ பொன்னைக் கடந்து அடுத்த புல்லுக்குச் செல்லும்.

ஒருவர் தொண்டு பிறரிடத்தும் பரவும் என்பதற்குத் திங்களூர் அப்பூதியடிகள் சான்று. நாவுக்கரசரை அவர் நேரிற் கண்டதில்லை. திருப்பெயரைக் கேட்டு அதனையே நெஞ்சில் வைத்து நினைந்தார். அந்நினைவு நெஞ்சோடு நின்றுவிடவில்லை. தண்ணீர்ப் பந்தலாயிற்று; குளமாயிற்று; சோலையாயிற்று. அவற்றிற்கெல்லாம் நாவுக்கரசர் பெயரையே இட்டார். வழிப்போக்கர் தாகம் தீர்த்தது ஒருவரது தியானமே எனில் அது மிகையன்று.

மனக்கோயிலும் மந்தையும்

'அங்ஙனமாயின் பூசலார் என்செய்தார்? கல் ஒன்றும் அடுக்காது மனத்திலேயே கோயில் கட்டினாரே' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. திருநின்றவூர்ப் பூசலார் முதலில் புறத்தே கோயில் எழுப்பவே முயன்றார், பொருள் கிட்டவில்லை. அதன் பின்னரே மனத்தில் எழுப்பலானார். அப்போதும் 'கோயில் எழுக' என்று ஒருகணத்தில் நினைத்து விடவில்லை. நல்ல நாள் பார்த்து, கல்லும் மரமும் தேடி, தச்சரைக் கூட்டி, அடிநிலை தொடங்கி முடிவரை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்தார். கிணறும் குளமும் மதிலும்கூட மறந்தாரல்லர். காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ மன்னனை இறைவன் காத்திருக்கச் செய்து, அன்பரின் மனக்கோயிலிற் புகுந்தான். சோம்பலுக்கு இது சான்றாகாது. பொருளில்லாதானுடைய உழைப்பும் பெரிதே என்பதற்கே இது சான்று.

தியானம் உலகை மறக்கச் செய்யும் என்பார்க்குத் திருமூலர் வரலாறு மற்றொரு விடை. கயிலையினின்று வந்த சிவயோகியார் அவர், யோகநெறியில் முதிர்ந்தவர். ஆவடுதுறைக்கு அருகே சாத்தனூரில், மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் அவனைச் சுற்றி நின்று மோந்து கதறின. யோகியார் அதனைக் கண்டு கடந்து போகவில்லை. பசுக்களின் துயர் நீங்கத் தாமே அவ்வுடலிற் புகுந்து அவற்றை மேய்த்து வீடு சேர்த்தார். யோகத்தால் உள்ளம் கல்லாகும் என்பது உண்மையாயின் இது நிகழ்ந்திருக்குமோ? உள்ளம் ஒடுங்க ஒடுங்கப் பிறவுயிரின் வலி தெளிவாகக் கேட்கின்றது என்பதே உண்மை. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பதினோரு நூற்பாக்களில் ஞானத்தை ஆராய்ந்து, பன்னிரண்டாவது நூற்பாவில் அடியார் கூட்டத்தையும் ஆலயத்தையும் தொழும் நெறியில் வந்து நிற்பதும் இக்கருத்திற்கு அரணாகும்.

இவ்வுணர்வு தனிமனிதரோடு நில்லாது ஊராட்சியிலும் இடம்பெற்றது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற உத்தரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களைக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியம் ஒன்று. தோட்ட வாரியம் ஒன்று. நீரையும் சோலையையும் காக்கும் பொறுப்பைக் கோயிற் சுவரிலேயே எழுதி வைத்தனர்.

அண்மைக் காலச் சான்றுகள்

பழங்காலத்தோடு இது முடிந்ததன்று. வடலூர் வள்ளலார் இராமலிங்க அடிகள் 1823-இல் தோன்றினார். அகத்தே சோதியைக் கண்ட ஞானியார். அவர் நீரின்றிக் காயும் பயிரின் துன்பத்தையும் உயிரின் துன்பமாகவே உணர்ந்தவர். அவர் 1867-ஆம் ஆண்டு மே 23-இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். 1872-இல் சத்திய ஞானசபையை நிறுவினார். இம்முறையை நோக்குக: அடுப்பு முன்னே எரிந்தது, ஞானசபை பின்னே எழுந்தது. 1874-இல் அவர் மறைந்தார். இரண்டாண்டுகளில் தாதுவருடப் பஞ்சம் வந்து தென்னாட்டை வாட்டியது. பஞ்சம் வருமுன்னரே மூட்டப்பெற்ற அவ்வடுப்பு இன்றளவும் அணையாது காக்கப்படுகின்றது.

திருவண்ணாமலையை எண்ணுவோம். இரமண மகரிஷி 1896-இல் அங்கு வந்து, 1922 வரை மலைமேல் குகையிலும் ஆசிரமத்திலும் உறைந்து, மௌனத்தையே பேருபதேசமாக விடுத்தார். அவர் உபதேசித்தது 'நான் யார்' என்னும் அகவிசாரம். ஆயின் அம்மலையையே சிவமாகக் கண்டு வலம் வந்தோர், அது மரம் வெட்டாலும் கோடைத்தீயாலும் மொட்டையாய் நிற்பதைக் கண்டு வருந்தினர். 1980-களின் இறுதியிலிருந்து அன்பர்களும் ஊராரும் கூடி மழைக்காலத்தில் கன்று நட்டனர். கோடையில் தீத்தடுப்புப் பாதை வெட்டினர். பச்சை மெல்ல மீண்டது. மலை இறைவனாயின் மலைமேல் உள்ள மரம் வேறாகுமோ?

குன்றக்குடி அடிகளார் (1925–1995) திருமடத்தின் தலைவராய் இருந்துகொண்டே சிற்றூர்த் திட்டம் வகுத்து, வேளாண்மையும் தொழிலும் கல்வியும் ஓங்கச் செய்ததை நம்மிற் பலரும் அறிவோம். திருமடம் ஊருக்கு அயலன்று என்பதை அவர் செயலாற் காட்டினார்.

நாம் செய்யத்தக்கது

இவற்றைக் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்பினால் பயனில்லை. நம் ஊர்த் திருக்குளம் எந்நிலையில் உள்ளது? மதுரை வண்டியூர்த் தெப்பக்குளம் 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கரால் அமைக்கப்பெற்றது. வைகை நீர் வரும் வழி தூர்ந்தமையால் அது பல ஆண்டுகள் வறண்டு, சிறுவர் பந்தாடும் திடலாய்க் கிடந்தது. தெப்பம் மிதவாமல் நிலைத்தெப்பமாகவே விழா நடந்தது. அண்மை ஆண்டுகளில் பனையூர்க் கால்வாயைச் சீர்செய்து நீர் விட்ட பின்னரே குளம் நிறைந்து, தெப்பம் நீரில் உலா வந்தது. குளத்தை மட்டும் காத்தாற் போதாது. அதன் கால்வாயையும் காத்தல் வேண்டும் என்பது இதனால் விளங்கும். உள்ளே வருவதற்கு வழியடைத்துவிட்டு நிறைவை எதிர்பார்த்தல், ஐம்புலனையும் அலையவிட்டு அமைதியை எதிர்பார்த்தல் போன்றது.

தமிழக அரசு 2003-இல் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தடை செய்தது. சட்டம் வெளியிலிருந்து கையைப் பிடிக்கும். மனத்தைப் பிடிப்பது அகப்பயிற்சியே. அன்னதானம் செய்கின்றோம், நெகிழிக் குவளையையும் தாளையும் வீதியில் எறிகின்றோம். தீர்த்தமாடுகின்றோம், உடுத்த துணியை நீரிலேயே விடுகின்றோம். நீர் இறைவன் வடிவம் என்று நாவினாற் சொல்லி, அவ்வடிவின்மேல் அழுக்கை இடுவது எவ்வகைப் பூசை?

ஆதலின் ஒரு விண்ணப்பம். உழவாரப் பணி மன்றங்கள் பல ஊர்களில் நற்பணி ஆற்றி வருகின்றன. விழாவிற்கு முன் ஒருநாள் வைகறையில் நாமும் திருக்குளப் படியில் கூடுவோம். அரைமணி நேரம் பேச்சின்றி ஐந்தெழுத்தை எண்ணி அமர்வோம். மூச்சு அடங்கட்டும்; யார் பெரியர், யார் பெயர் முன்னே வரும் என்னும் எண்ணம் அடங்கட்டும். பின்னர்த் திருக்கோயில் பொறுப்பாளரின் இசைவோடு ஆளுக்கொரு கூடை எடுப்போம். குப்பையை அகற்றுவோம், வரத்துக்காலின் அடைப்பை நீக்குவோம், கரையில் நிழல்மரம் நட்டுக் காப்போம். மீனும் ஆமையும் வாழும் இடத்தைக் கலைக்காதிருப்போம். பணி முடிந்தபின் மீண்டும் சிறிது நேரம் அமர்ந்து எழுவோம். முன்னே அமர்ந்தது கைக்கு அமைதி தரும். பின்னே அமர்வது நெஞ்சில் செருக்கு முளையாது காக்கும்.

ஒருநாளில் குளம் நிறையாது; ஓராண்டிலும் நிறையாமற் போகலாம். அப்போது தண்டியடிகளின் கயிற்றை நினைப்போம். அவர் கண்ணொளி பெற்றபின் குளம் தோண்டினாரல்லர். தோண்டிய குளத்திலேதான் கண்ணொளி பெற்றார். நாமும் எல்லாம் தெளிந்தபின் தொடங்குவோம் என்று காத்திராது, கையில் உள்ள கூடையோடு இன்றே இறங்குவோமாக. ஆரூர்ப் பெருமான் அருள் முன்னிற்பதாக!

திருச்சிற்றம்பலம்